பேர் வராதபோது வந்தவர்கள்

தவசிக்கனிக்கு எழுபத்தொரு வயது நடந்துகொண்டிருந்த ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பிளம்பரின் பேர் மறந்துபோனது. ஆளைத் தெரியும், ஆளின் மோட்டார் சைக்கிளைத் தெரியும், வலது கையில் ஆறு விரல் என்பது தெரியும், அவனுடைய அப்பா மாடியிலிருந்து விழுந்து மூன்று மாதம் படுத்திருந்தது தெரியும், பேர் மட்டும் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்தபடி, "அவன்தான், அவன்தான், என்ன பேரு, சே" என்று அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்த மூன்றாவது நிமிஷம், பதினோரு நாளாகப் போன் போட்டும் வராத பிளம்பர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். கையில் பாதி தின்ற ஆப்பம் இருந்தது.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி," என்றான். "என்னன்னு கூப்பிட்டாவன்னுதான் காதுல விழல."

"உன் பேரென்ன?"

"சுயம்புலிங்கம்."

"ஆங். அதான். போய் அந்தக் குழாயைப் பாரு."

தவசிக்கனி செம்புலிக்குளம் கோர்ட்டில் முப்பத்துநாலு வருஷம் டவாலியாக இருந்தவர். வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக வராந்தாவில் நின்று, வழக்குக்கட்டு மேஜைக்கு வந்ததும் வாதியை, பிரதிவாதியை, சாட்சியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. அவர் கூப்பிட்டால் குளத்தில் கிடக்கிற எருமைகள் தலையைத் தூக்கிப் பார்க்கும், பஸ் ஸ்டாண்டில் அதே பேர் வைத்த வேறொருவன் தன்னைத்தானோ என்று திடுக்கிட்டு நிற்பான், ஆனால் கூப்பிடப்பட்டவர்களில் பாதிப் பேர் ஒரு நாளும் வந்ததில்லை. காய்ச்சல் என்றார்கள், ஊரில் இல்லை என்றார்கள், கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இல்லை என்றார்கள். முப்பத்துநாலு வருஷம் கூப்பிட்டும் வராத ஊர், அவருக்குக் கூப்பிட முடியாமல் போனதும் வர ஆரம்பித்தது.

அந்த வியாழக்கிழமையே, நாகர்கோவிலில் குளித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் இடுப்பில் துண்டும் தலையில் சீயக்காயுமாகத் தெருமுனையில் திரும்பி வந்து கேட்டருகே நின்றார். சனிக்கிழமை ஒரு பத்திர எழுத்தர், ஒரு பக்கம் சவரம் செய்த முகத்தோடு. அதற்கடுத்த வாரம் தவசிக்கனியோடு எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண்மணி, மதுரையில் பேத்திக்குப் பின்னிக்கொண்டிருந்த சடையின் ரிப்பனைக் கையில் பிடித்தபடி. யாரும் பொத்தென்று வானத்திலிருந்து விழவில்லை, புகை எழும்பவில்லை. சாதாரணமாக நடந்துதான் வந்தார்கள், வந்து நின்று தங்கள் பேரைச் சொன்னார்கள், அவர் "ஆங், அதான்" என்றார், அவர் மனைவி ஜெயக்கொடி காபி கொடுத்தாள், பிறகு பஸ் ஏறித் திரும்பிப் போனார்கள். போவதற்குத்தான் பஸ் தேவைப்பட்டது. வருவதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஊர் இதைப் பற்றி ஒரு வாரம் எப்படி எப்படி என்று கேட்டது, பிறகு இன்றைக்கு யார் என்று கேட்கத் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு மீரான், தெருவிலேயே மருந்துக்கடை வைத்திருந்தவர், காலியான குளுக்கோஸ் அட்டைப்பெட்டியில் இரண்டு வேட்டி, இரண்டு நைட்டி, நான்கு ஜோடிச் செருப்பு போட்டு கேட்டுப் பக்கம் வைத்தார். மினிபஸ்காரன் கேட்காமலேயே ஒரு நிறுத்தத்தை அந்த வாசலுக்கு மாற்றினான். மாடி வீட்டு டீச்சர், குளிக்கிற நேரத்தில் அண்ணாச்சி யாரையும் மறக்காமல் இருந்தால் நல்லது என்று ஜெயக்கொடியிடம் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயக்கொடி அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது.

"வயசானா முதல்ல பேருதான் போகும்," என்றார் டாக்டர். "ஒரு ஆளோட மூக்கு, தொழில், குணம் எல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு நிக்கும். பேருக்குப் பிடிச்சிக்க ஒண்ணும் கிடையாது. அதான் நழுவுது. பயப்படாதீங்க. மிச்சதும் போனா வாங்க."

"பேரு போனா ஆளு வந்துருதாங்களே டாக்டர்?" என்றாள் ஜெயக்கொடி.

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா," என்றார்.

புரட்டாசி பிறப்பதற்குள் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். குவைத்துக்குப் போன மகன் நாலு வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்கிறான், அவன் பேரைக் கொஞ்சம் மறந்து தாங்க என்று பிரம்மசக்தி என்ற அம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்தாள். மகன் பேர் ஜெகதீசன் என்றும் சொன்னாள். சொன்னதுதான் தப்பு, மறக்கச் சொல்லிச் சொன்ன பேர் சுவரில் அடித்த ஆணியாக நின்றுவிட்டது, தவசிக்கனி சாப்பிடும்போதும் நடக்கும்போதும் ஜெகதீசன் ஜெகதீசன் என்று அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, பிரம்மசக்தியை நேரில் கண்டால் அவர் குற்றவாளி மாதிரி வேறு தெருவில் திரும்பினார்.

மீரான்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பேரைச் சொல்லக் கூடாது. ஆளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், நிறையச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று, "அவரு பேரென்ன அண்ணாச்சி?" என்று கேட்டுவிட வேண்டும். அவர் முன்பு எப்போதோ அறிந்த ஆளாக இருந்தால் ஐந்துக்கு இரண்டு தடவை பேர் வராது, ஆள் வரும்.

இந்தச் செய்தி கோர்ட்டுக்கும் போயிற்று. ஒரு நாள் தலைமை எழுத்தர் வழக்குக்கட்டோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரனின் முருங்கை மரத்தை வெட்டிய வழக்கில் பதினாறு வருஷமாகச் சம்மனுக்குச் சிக்காத ஒருவன் இருந்தான். போலீஸ் போனால் கிணற்றுக்குள் இறங்குவான், கோர்ட் அமீனா போனால் நான் அவன் அண்ணன் என்று சொல்லிக்கொள்வான்.

"இடது காதுல கடுக்கன், அண்ணாச்சி," என்றார் எழுத்தர், கெஞ்சலாக. "உங்க சர்வீஸ்லயே நீங்க நாப்பது வாட்டி கூப்பிட்டிருப்பிய. என் முருங்கைக்காயைத் திருடுதான்னு சொல்லிக்கிட்டு பக்கத்து வீட்டு மரத்தையே வெட்டினவன். நடந்தா ஒரு தோள் தூக்கியிருக்கும். அவன் பேரென்ன?"

தவசிக்கனி வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. அவன் வந்தான், ஒரு தோள் தூக்கியபடி, பல் குச்சியோடு.

மறுநாள் கோர்ட்டில் அவனுடைய வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரருக்குச் சம்மன் முறைப்படி கொடுக்கப்படவில்லை, ஒரு ஓய்வுபெற்ற ஊழியரின் மறதியால் அவர் கொண்டுவரப்பட்டிருக்கிறார், மறதி சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை என்று முக்கால் மணி நேரம் வாதாடினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இது யோசிக்க வேண்டிய விஷயம் என்று ஜனவரிக்கு வாய்தா போட்டார். அவன் மறுபடி கிணற்றுக்குள் இறங்கிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இத்தனை பேர் வந்துபோன அந்த வாசலுக்கு வராத ஆள் ஒருவன் இருந்தான். தவசிக்கனியின் ஒரே மகன் லிங்கதுரை.

லிங்கதுரை புனேயில் கார் கம்பெனியில் வேலை பார்த்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தபோது, தவசிக்கனி தெருவெல்லாம் அல்வா கொடுத்துவிட்டு, பேரன் தன் பேரோடு வீட்டுக்கு வரப்போகிறான் என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர். அதில் கேட்க என்ன இருக்கிறது? போன் வந்தது. "ஆரவ்னு கூப்பிடுறோம்ப்பா," என்றான் லிங்கதுரை. தவசிக்கனி, "என் வாயால அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன், நீயும் இந்த வாசலை மிதிக்காதே," என்று சொல்லிப் போனை வைத்தார். அப்பா மாதிரியே பிள்ளையும். அவன் மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஜெயக்கொடி மீரானின் கடைக்குப் போய் அவர் போனில் மகனோடு ஐந்து நிமிஷம் பேசுவாள், பேரனின் போட்டோவைப் பார்ப்பாள், இது தவசிக்கனிக்குத் தெரியாது. தெரியும், ஆனால் தெரியாது.

இப்போது, கண்டவன் வருகிறான், சீயக்காயோடு போலீஸ்காரன் வருகிறான், என் பிள்ளை வரக் கூடாதா என்று ஜெயக்கொடி தானே முயன்று பார்த்தாள். தேங்காய் துருவிக்கொண்டே ஆரம்பிப்பாள்:

"ஏங்க, நமக்கு ஒரு பையன் உண்டே. உசரமா இருப்பான். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. ரசம்னா உசிரு. புனேயில இருக்கான். அவன் பேரென்ன?"

"லிங்கதுரை," என்பார் தவசிக்கனி உடனே. "தகப்பனார் பேர் தவசிக்கனி. செம்புலிக்குளம், மேலத்தெரு."

அவர் தும்மும்போது கேட்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். பாசிபடிந்த படியில் வழுக்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிய நேரத்தில், தூக்கிவிடுவதற்கு முன் கேட்டாள். லிங்கதுரை, லிங்கதுரை, லிங்கதுரை. மந்திரிகளின் பேர் போயிற்று, மருந்துகளின் பேர் போயிற்று, கூடப்பிறந்த அக்காள் ஒருத்தியின் பேர்கூட ஒரு தடவை போய் அவள் அரிவாள்மணையோடு வந்து நின்று திட்டினாள், லிங்கதுரை போகவில்லை. சொல்லவே மாட்டேன் என்று அவர் சபதம் எடுத்த ஆரவ் என்ற பேரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"கோவத்தை விட்டாத்தான் மறக்கும்," என்றாள் ஜெயக்கொடி.

"எனக்கு என்ன கோவம்? நான் கோவமாவே இல்ல."

"அப்போ ஒரு போனைப் போடுங்க. வந்துருவான்."

"ஊருல உள்ளவனெல்லாம் போன் போடாமலே வாரான். பெத்த பிள்ளைக்குப் போன் போட்டுக் கூப்பிடணுமா?" என்றார். அன்று முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை. சாயங்காலம் அவர் தானே காபி போட்டுக் குடித்தார், சர்க்கரைக்குப் பதில் ரவையைப் போட்டு.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். முன்பெல்லாம் ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், இப்போது தபால்காரரே கையில் ஒரு சின்ன மெஷினோடு வீட்டுக்கு வருகிறார். அந்த வருஷம் வந்தது எஸ்தர் என்ற பெண்; வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், சட்டதிட்டங்களை மனப்பாடமாக வைத்திருந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எதிரே மீரான் கடையை அடைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார்.

எஸ்தர் தவசிக்கனியின் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். ரேகை தேய்ந்திருந்ததால் மெஷின் யோசித்தது, பிறகு ஏற்றுக்கொண்டது.

"பேரைச் சொல்லுங்கய்யா. சரிபார்க்கணும்."

தவசிக்கனி வாயைத் திறந்தார்.

முதலில் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். பிறகு கண்ணை மூடினார். தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்தது. பிறந்த வருஷம், பித்தளை வில்லையின் எடை, கல்யாணத்தன்று பெய்த மழை, முழங்காலில் உள்ள தழும்பு எந்தச் சைக்கிளில் விழுந்து வந்தது என்பதுவரை தெரிந்தது. பேர் இருந்த இடத்தில் மட்டும் பல்லைப் பிடுங்கிய இடம் மாதிரி வழவழவென்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

"நீயே சொல்லேம்மா," என்றார். "அதுல இருக்கும்லா?"

"இருக்குய்யா. நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும். ரூல்."

அவர் ஜெயக்கொடியைப் பார்த்தார். ஜெயக்கொடி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அவள் அவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள், பிரசவ வார்டில் கேட்டபோது வலியிலும் அவருடைய சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையைக் காட்டினாள்.

"சொல்லு ஜெயக்கொடி," என்றார்.

"எப்படிங்க சொல்லுவேன்? சாடையாச் சொல்லுதேன், பிடிச்சிக்கிடுங்க. காட்டுல ஒத்தக்கால்ல நிப்பாவல்லா, கண்ணை மூடிக்கிட்டு?"

"கொக்கா?"

"கொக்கு இல்லங்க! மனுசர். சாப்பிட மாட்டாவ, தண்ணி குடிக்க மாட்டாவ. சரி, அதை விடுங்க. மரத்துல காய் காய்ச்சுதுன்னு வைங்க. அது பழுத்தா என்ன?"

"வவ்வால் வரும்."

"ஐயோ!"

"என் பேரு கொக்குவவ்வாலா?" என்றார் தவசிக்கனி. எஸ்தர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஜெயக்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தவசிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்கிறவர் மாதிரி.

அப்போது கேட் திறந்தது.

நீலக் கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஒரு சிறுவன், ஆறு வயது இருக்கும், வலது கையை நேராகத் தூக்கியபடி வாசலுக்கு வந்தான்.

"பிரசென்ட் மிஸ்!" என்றான். பிறகு சுற்றிப் பார்த்தான். மிஸ் இல்லை. கையைக் கீழே இறக்கினான்.

ஜெயக்கொடி தலைப்பை விட்டாள். "ஆரவ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். "ஏங்க, நம்ம ஆரவ்வுங்க! போட்டோவுல உள்ளபடியே இருக்கான்!"

"ஆனா நான் ஆரவ்வை மறக்கலையே," என்றார் தவசிக்கனி. தன் வாயால் அந்தப் பேரைச் சொல்லிவிட்டார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

எஸ்தர் சிறுவனிடம் குனிந்தாள். அவன் கழுத்தில் பள்ளிக்கூட அட்டை தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"ஐயாவோட பேரைத்தான் நான் சொல்லக் கூடாது," என்றாள் மெதுவாக. "பிள்ளையோட பேரை வாசிக்கலாம். அதுக்கு ரூல் கிடையாது. தவசிக்கனி. ஒண்ணாம் வகுப்பு, பி பிரிவு."

"அது யாரு?" என்றார் தவசிக்கனி.

"நான்," என்றான் சிறுவன். "வீட்லதான் ஆரவ். ரிஜிஸ்டர்ல தவசிக்கனி. மிஸ்ஸுக்குச் சொல்லவே வராது. தவாசிகானின்னு கூப்பிடுவாங்க."

தவசிக்கனி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேர் அவருக்குள் காலிலிருந்து தலைக்கு ஏறியது. அவர் எஸ்தரைப் பார்த்து, கோர்ட் வராந்தாவில் நின்ற நாளில் இருந்த குரலில், தன் பேரைச் சொன்னார். மெஷின் பச்சை காட்டியது. அவர் உயிரோடு இருந்தார்.

புனேயில் ஒரு வகுப்பறையே மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தது. அப்பாவின் நம்பரைச் சிறுவன் ஒப்பித்தான், எஸ்தர் தன் போனில் போட்டுக் கொடுத்தாள். லிங்கதுரை முதலில் அலறினான், பிறகு அழுதான், மருமகள் பின்னால் அழுவது கேட்டது. பிள்ளை முறுக்கு தின்றுகொண்டிருக்கிறான் என்பதை ஜெயக்கொடி நாலு தடவை சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு போனைத் தவசிக்கனி வாங்கினார்.

"பிள்ளைக்கு என் பேரையாலே வச்சிருக்கே?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். ஆரவ்னு கூப்பிடுறோம், ரிஜிஸ்டர்ல உங்க பேருன்னு சொல்ல வந்தேன். பாதியில வச்சிட்டீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்," என்றார் தவசிக்கனி. முப்பத்துநாலு வருஷம் கோர்ட்டில் இருந்தவர் ஒரு தரப்பை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. அதை அவர் மகனிடம் சொல்லவில்லை. மீரானிடம் சொன்னார்.

"உங்க பேரு உங்களுக்கு வரல," என்று மீரான் விளக்கினார், தொழுகையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்ட பிறகு. "பேருக்கு உரிய ஆளு ஏற்கெனவே நாற்காலியில உக்காந்திருக்காரு. அப்போ அந்தப் பேருக்கு அடுத்த ஆளுதான வரணும், அண்ணாச்சி?" ஊரில் யாருக்கும் இதில் சந்தேகம் இருக்கவில்லை.

சிறுவன் அன்று மூன்று தட்டு சோறு சாப்பிட்டான், அட்டைப்பெட்டியில் இருந்த எல்லாச் செருப்பையும் போட்டுப் பார்த்தான், மினிபஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நடை போய்வந்தான். அவனைக் கூப்பிட வேண்டியிருந்த போதெல்லாம் தவசிக்கனி ஆரவ் என்றார். மற்றப் பேரைச் சொன்னால் அவன் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அது தன் பேர் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை முற்பகல், விமானமும் ரயிலும் ஆட்டோவும் பிடித்து, டிக்கெட் எடுத்து, லிங்கதுரை தன் மனைவியோடு வந்து இறங்கினான். அந்த வருஷம் அந்த வீட்டுக்கு ஒழுங்கான வழியில் வந்த முதல் விருந்தாளிகள் அவர்கள்தான் என்று மீரான் கடையிலிருந்து சொன்னார். மருமகள் பையைப் போட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஓடினாள். லிங்கதுரை கேட்டுக்கு வெளியே நின்றான். வாசலை மிதிக்காதே என்ற வார்த்தை இன்னும் அங்கே கிடந்தது போல அவன் காலுக்குக் கீழே பார்த்தான். முன்வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. ஷூவில் ஒரு பக்கம் நாடா அவிழ்ந்திருந்தது.

தவசிக்கனி கேட்டருகே போனார். அவனைக் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

பேர் வரவில்லை.

அவர் திகைத்துப்போய் நின்றார். முன்பல்லுக்கு நடுவில் சந்து, தெரிகிறது. ரசம் என்றால் உயிர்; தெரிகிறது. ஐந்து வயதில் டைபாய்டு வந்து இருபத்தொரு நாள் தோளிலேயே கிடந்தது தெரிகிறது, அந்தச் சூடுகூடத் தோளில் தெரிகிறது. தும்மும்போது வந்த பேர், படியில் தொங்கியபோது வந்த பேர், நேற்றுவரை ஆணியாய் நின்ற பேர், இருந்த தடமே இல்லாமல் போயிருந்தது.

லிங்கதுரை அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஊர்க்கதை எல்லாம் நேற்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். அவனுக்குப் புரிந்தது. கண் கலங்கியது, வாய் சிரித்தது, பல்லுக்கு நடுவில் சந்து தெரிந்தது.

"நான் லிங்கதுரைப்பா," என்றான், கோர்ட்டுக்கு முதல் தடவை வந்த சாட்சி மாதிரி.

"உன்னைத் தெரியும்லே, பேருதான் வரல," என்றார் தவசிக்கனி, கேட்டை அகலத் திறந்துவிட்டு. "நாடாவைக் கட்டு. விழுந்துறாத. உள்ள வா."